வெயில் படாத கல்

செம்பூர்,
செவ்வாய்க்கிழமை

என் சாதனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறதா, இல்லை பயப்படுவதும் சந்தேகப்படுவதும் என் சுபாவம் மட்டும்தானா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏன் இப்போது கடிதம் என்று கேட்பாய்; பின்னால் சொல்கிறேன். முதலில் ஒன்று. இந்தத் தாள்களோடு தனியாக ஒரு தாள் இருக்கும், பார். அதில் ரசப்பொடிக்கு வேண்டிய சாமான்களும் அளவும் எழுதியிருக்கிறேன். கூடவே பொடி டப்பாவும் வரும். எல்லாவற்றையும் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். யாராவது என்ன என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டு. மற்ற தாள்களும் சமையல் குறிப்பு என்று சொல். பொய்தான். உனக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பொய்.

என்னை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். பால்காரனுக்கு எதிரிலேயே பாலில் கருவியை விட்டுப் பார்க்கிறவள். காய்காரியின் தராசைத் தொட்டுப் பார்க்கிறவள். அப்பா வைத்த பெயர் சி.ஐ.டி. சாரு. காலேஜில் புள்ளியியல் நடத்துகிறவளுக்கு அது தொழில் வியாதி. இரண்டு மூன்று தகவல்களை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள் என்று பிள்ளைகளிடம் எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது என் கையிலும் இரண்டு மூன்று தகவல்கள்தான் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல் பார்த்த இடத்தில் நீயும் இருந்தாய். ஆனால் நீ ஆதர்ஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய், நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். அங்கிருந்து தெரிந்ததை எழுதுகிறேன்.

அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படியெல்லாம் ஏற முடியாது என்பதால், நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கல் பார்க்க என்னைக் கூப்பிட்டான். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் மாடியில் இருக்கும் முகம்மது ஹனீப் கடையை நான்தான் சொன்னேன். காயல்பட்டினத்துக்காரர், என் தோட்டுக் கல்லை மாற்றிக் கொடுத்தவர், அதிகம் பேசாதவர். வெளிர் ரோஸ் நிறத்தில் கல் வேண்டும் என்று ஆதர்ஷ் போனிலேயே சொல்லி வைத்திருந்தான். அந்த நிறம் எப்போது முடிவானது என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டபோது, “அதான் டீசன்டா இருக்கும்னு ஆதர்ஷ் சொன்னான்” என்றாய்.

கிளிப்பச்சை சுரிதாருக்கு மாம்பழ மஞ்சளில் துப்பட்டா போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனவள் நீ. “டிராஃபிக் சிக்னல் மாதிரி இருக்கியேடி” என்று அப்பா சொன்னால், “சிவப்பு பாக்கி இருக்குப்பா, லிப்ஸ்டிக் போட்டுண்டு வரேன்” என்று பதில் சொன்னவள். ஞாயிற்றுக்கிழமை நீ சாம்பல் நிறக் குர்தாவில் வந்தாய். போன மாதமும் சாம்பல். மனிதர்களின் ரசனை மாறும், எனக்கும் மாறியிருக்கிறது. இதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

ஹனீப் பாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தை விரித்து மூன்று கற்களை வைத்தார். “மூணும் ரோஸ்தான் டீச்சரம்மா, ஆனா மூணுக்கும் மூணு குணம்” என்றார். முதல் கல்லில் லேசான ஆரஞ்சுச் சாயல். இரண்டாவது வெளிர் சஃபையர். இருப்பதிலேயே சின்னது. “பாக்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா கீறல் விழாது, கலர் போவாது, பேரப்புள்ளை காலத்துக்கும் கெடக்கும்” என்றார். மூன்றாவது குன்சைட் என்கிற கல். அதுதான் பெரியது, அழகானது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

அதைப் பற்றித்தான் அவர் நிறையச் சொன்னார். “இது வெயிலுக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க. பகல்ல போட்டுக்கிட்டே திரிஞ்சா நிறம் போயிரும். எங்கியாவது தட்டுனா நேரா பொளந்துக்கிடும். இதைப் பதிக்க தாராவியில பேச்சிராஜான்னு ஒரே ஒரு ஆளுதான் கையில எடுப்பாரு. அவரும் உடைஞ்சா நான் பொறுப்பில்லைன்னு சொல்லிட்டுத்தான் எடுப்பாரு. சாயங்காலம் ஒரு விசேஷத்துக்குப் போட்டுட்டு மறுபடி பொட்டியில வெச்சிரணும்.”

“அரே, பெர்ஃபெக்ட் பாய்!” என்றான் ஆதர்ஷ். “இவ வெயில்ல எங்க போகப் போறா? நான் விட்டாத்தானே!”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நீ சிரிப்பதற்கு முன் அவன் முகத்தைப் பார்த்தாய். பார்த்த பிறகு சிரித்தாய்.

“புள்ளைக்கு எது புடிச்சிருக்கு?” என்று ஹனீப் பாய் உன்னைக் கேட்டார். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே உன் கட்டைவிரல் சஃபையரின் மேல் இருந்தது. அதைக் காகிதத்தில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாய். ஆதர்ஷ் சொன்னான்: “அதுவா? மருந்து மாத்திரை மாதிரி இருக்கு. மூணாவது எடுத்துக்கோ.” சூடு பட்டதுபோல் நீ விரலை எடுத்த வேகத்தை நான் பார்த்தேன். மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது என்று ஹனீப் பாயிடம் சொன்னாய்.

பிறகு அளவெடுப்பு. அளவு பார்க்கிற வளையக் கொத்திலிருந்து ஒவ்வொன்றாக உன் மோதிர விரலில் போட்டுப் பார்த்தார். எதுவும் மூட்டைத் தாண்டவில்லை. நீ உதட்டைக் கடித்தாய். “என்னாச்சு புள்ளை, மூட்டு வீங்கிக் கெடக்கே” என்று அவர் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் ஆதர்ஷ் சொன்னான், டாக்சிக் கதவில் நசுங்கிவிட்டது என்று. “இவளுக்குக் கவனமே போறாது பாய். அடிக்கடி இப்படி ஏதாவது ஆயிண்டே இருக்கும்.”

சாதனா, அதற்கு முந்தின வியாழக்கிழமை போனில் நீ என்னிடம், பாட்மின்டன் ஆடும்போது ராக்கெட் பட்டு விரல் வீங்கிவிட்டது என்று சொன்னாய். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். அந்த மூன்றாவது சாத்தியம் எனக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

வீக்கம் வற்றிய பிறகு வாருங்கள், இப்போது எடுத்தால் அளவு தவறும் என்று ஹனீப் பாய் சொல்லிப் பார்த்தார். ஆதர்ஷ் ஒப்புக்கொள்ளவில்லை. “மோதிரம் வந்தாத்தான் அம்மா முகூர்த்தம் வெப்பா. நீங்க குத்துமதிப்பா எடுத்துடுங்கோ” என்றான். அவர் உன் மற்றக் கை விரலில் அளவெடுத்தார். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் எதிரில், மாப்பிள்ளையாக வரப்போகிறவன் எதிரில், என் பெண்ணின் விரலைப் பற்றிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. ஹனீப் பாய் கொடுத்த கார்டை ஆதர்ஷ் வாங்கிப் பர்ஸில் வைத்தான். அவன் செருப்பு மாட்டக் குனிந்த நேரத்தில் மேஜை மேலிருந்து இன்னொரு கார்டை எடுத்து, நீ கைக்குட்டையோடு சேர்த்து மடித்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பூனாவுக்குத் திரும்பிவிட்டீர்கள். திங்கட்கிழமை காலையில் உனக்கு வாட்ஸ்அப்பில், விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினேன். உன் நம்பரிலிருந்து உடனே பதில் வந்தது. ஆங்கிலத்தில், இப்போது பரவாயில்லை ஆன்ட்டி என்று.

ஆன்ட்டி! ஆதர்ஷ் என்னைக் கூப்பிடுகிற வார்த்தை அது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் பரவாயில்லை அம்மா என்று புதிதாக ஒன்று வந்தது, சிரிக்கும் முகத்தோடு. ஒருவேளை நீ அவன் அம்மாவுக்கு அனுப்ப நினைத்ததை எனக்கு அனுப்பியிருக்கலாம். பகல் முழுக்க அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் விரலைப் பற்றிக் கேட்டவள் நான்.

அதற்குப் பிறகு போன சில மாதத்து உன் செய்திகளையெல்லாம் திரும்பப் படித்தேன். உன் எழுத்து எனக்குத் தெரியும். பாதி ஹிந்தி, பாதி தமிழ், முழுக்க அவசரம். ஒரு வாக்கியத்தையும் நீ முடித்ததில்லை. நிறையச் செய்திகளில் வாக்கியங்கள் ஒழுங்காக முடிந்து புள்ளி வைத்திருந்தன. நான் எத்தனை நாள் உன்னோடு பேசியிருக்கிறேன், எத்தனை நாள் அவனோடு பேசியிருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதனால்தான் கடிதம். போன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் கூப்பிட்டால் இப்போதெல்லாம் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய்; என் குரல் எனக்கே திரும்பிக் கேட்கிறது. மாட்டுங்காவில் பிறந்து, தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தும் ஆதர்ஷுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அதை நான் ஒரு குறையாகச் சொன்னேன். “ஆன்ட்டி, போர்டு படிக்கணும்னா ஹிந்தி போறுமே” என்று சிரித்தான். உன்னை ஞாயிற்றுக்கிழமைதோறும் அழ அழ உட்காரவைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தேனே, இந்த ஊரில் இது எதற்கு என்று கேட்பாயே, அப்போது என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றைக்கு அவன் குறையை நம்பித்தான் எழுதுகிறேன். நம்பினாலும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. இந்தத் தாளைப் போனில் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னேன். “பாட்டாளி ஆட்டின் திருமணச் சங்கம்” என்பது மாதிரி ஏதோ சொல்லியது. என் கையெழுத்தை என் மாணவர்கள் திட்டுவது நியாயம்தான். பொறுத்துக்கொண்டு படி.

மேலே உள்ள பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது ஆதர்ஷ் போன் செய்தான். தினமும் செய்கிறான், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. “சாப்ட்டேளா ஆன்ட்டி? அங்கிளுக்கு பிபி செக் பண்ணினேளா?” எதிர் முனையில் இருப்பவனுக்கு என் மேஜை தெரியாது. ஆனாலும் எழுதிய தாளைக் கவிழ்த்துவைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

இன்றைக்கு ஒரு விஷயம் சொன்னான். நீ வேலையை விட யோசிக்கிறாயாம். “கல்யாணத்துக்கு அப்புறம்னுதான் நெனச்சோம் ஆன்ட்டி. இந்த மாசக் கடைசியிலேயே பேப்பர் போட்டுட்டா ரெஸ்ட் எடுத்துக்கலாமே. நீங்க ஒண்ணும் கேக்காதேங்கோ, அவளே சொல்லுவா. டென்ஷனே எடுத்துக்காதேங்கோ.” நான் சரி என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது என்று நம்புகிறேன்.

உன்னோடு ஃபிளாட்டில் இருந்த பானுமதி காலி செய்துவிட்டுப் போனபோது, அவளுக்கு ஆபீஸ் தூரம் என்று சொன்னாய். சரி என்று கேட்டுக்கொண்டேன். இப்போது வேலை. அதுவும் போனால், காலையில் எழுந்து நீ தனியாகப் போய்வர உனக்கு என்ன இடம் இருக்கிறது? இதைத்தான் சப்பாத்திக்கு மாவு பிசையும்போதும், வகுப்பில் போர்டில் எழுதும்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். என்ன நடத்திக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை, கல் கடையில் அவன் பேசியதை மட்டும் சொன்னேன். “உனக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு சாரு? நான் பொண்ணு பார்க்க வந்தப்ப என் ஆபீஸுக்கே ஆள் அனுப்பி விசாரிச்சவதானே நீ?” என்று சிரித்தார். அது உண்மை. ஆதர்ஷ் வந்தால் டிவியைச் சரிசெய்து கொடுக்கிறான், கிரிக்கெட் பேசுகிறான், கிளம்பும்போது நமஸ்காரம் செய்கிறான். அவருக்கு அவன்மேல் உயிர். ஜாதகமும் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்கிறார். ஜாதகத்தை நான் நம்பினதில்லை என்பதால் அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

ஆகவே இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. ஒரு வீங்கிய மூட்டு, அதற்கு இரண்டு காரணம். ஒரு வார்த்தை, அதுவும் அழிக்கப்பட்டது. நீ சிரிப்பதற்கு முன் ஒரு பார்வை. பரீட்சையில் ஒரு மாணவி இவ்வளவை வைத்து முடிவு எழுதியிருந்தால் நான் பாதி மார்க்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் நினைப்பது தவறாக இருந்தால், பொடி நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பு. இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடு. என்னைத் திட்டு. கல்யாணத்தில் எல்லோருக்கும் முன்னால் இதைச் சொல்லிச் சிரி, நான் உன்னோடு சேர்ந்து சிரிக்கிறேன். தவறாக இல்லையென்றால், பொடியில் காரம் ஜாஸ்தி என்று அனுப்பு. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். நான் வருகிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் அறைச் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். எனக்குக் கும்பிட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் இன்று காலையில் சமையலறையில் நின்று யாரிடம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டேன்.

உன் அம்மா,
சாருலதா

புதன்கிழமை

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் காலேஜுக்குக் கிளம்பும்போது ஹனீப் பாய் போன் செய்தார். “டீச்சரம்மா, ஒரு நடை கடைக்கு வந்துட்டுப் போங்க. போன்ல வேண்டாம்” என்றார். கூரியருக்குக் கட்டிவைத்த டப்பாவையும் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு அப்படியே மாட்டுங்காவுக்குப் போனேன்.

ஹனீப் பாய் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“நேத்து உங்க புள்ளை ஆபீஸ் நம்பர்லேருந்து பேசுச்சு. கல்லு பதிக்கையில உடைஞ்சுபோச்சு, வேற கல்லு வர நாளாவும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லச் சொல்லுது. நான் வெளையாடுதுன்னு நெனச்சேன். உடையாத கல்ல எப்படிம்மா உடைஞ்சுட்டுன்னு சொல்ல, யாவாரமாச்சேன்னு சொன்னேன். அழுவுது டீச்சரம்மா. மோதிரம் வந்தா நிச்சயம் வெச்சிருவாங்க அங்கிள், அதுக்குள்ள நான் யோசிக்கணும்னு சொல்லுது. அம்மாகிட்ட நான் சொல்லட்டுமான்னு கேட்டேன்.”

அங்கே நிறுத்திவிட்டார். சொல்லுங்கள் என்றேன். தயங்கித்தான் சொன்னார்.

“‘வேண்டாம் அங்கிள், அம்மா எதையும் லேசில நம்ப மாட்டா, ப்ரூஃப் கேப்பா’ன்னு சொல்லுச்சு. நான் ராத்திரி பூரா யோசிச்சேன். எனக்கும் ரெண்டு பொம்பளப்புள்ளைங்க. அது வேண்டாம்னாலும் சொல்லித்தான் ஆவணும்னு கூப்பிட்டேன்.”

அவர் இழுப்பறையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். கல் முழுசாக இருந்தது. இன்னும் பேச்சிராஜாவிடம் அனுப்பவே இல்லையாம். “உடைஞ்சுட்டுன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லட்டுமா, டீச்சரம்மா?” என்று கேட்டார்.

சொல்லுங்கள் என்றேன்.

என் எதிரிலேயே போன் செய்தார். அவர் பாதி சொல்வதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் கிளம்பியது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். என் நாற்காலி வரை கேட்டது. தினமும் நான் சாப்பிட்டேனா என்று விசாரிக்கும் குரல் அது. ஹிந்தியில் அது பேசிய வார்த்தைகளை எழுத மாட்டேன். கடைசியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். “அவதான் ஏதோ பண்ணியிருக்கா. சாயங்காலம் நான் அவளைக் கேட்டுக்கறேன்.” இதை மட்டும் தமிழில் சொன்னான்.

உன் வார்த்தையையும் என் வார்த்தையையும் கேட்டு ஒரு நல்ல மனிதர் பொய் சொன்னார். அந்தப் பொய் உன்னைக் காப்பாற்றவில்லை. அவன் உன்னைத்தான் சந்தேகப்படுகிறான். இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்தார். “எந்த விரல்?” என்று மட்டும் கேட்டார். மோதிர விரல் என்றேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டாக்சி பிடிக்கக் கீழே போய்விட்டார். பூனா போகும் வழியில் லோனாவாலாவைத் தாண்டினோம். அதன் பிறகு டிரைவரிடம் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னார். நாற்பதைத் தாண்டினால் திட்டுகிறவர்!

இப்போது உன் ஆபீஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆதர்ஷின் ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. வாசலில் கார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். அப்பா கேட்டுக்கு வெளியே டாக்சிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ரிசப்ஷனில் இருக்கும் பெண் நல்ல மாதிரி. நான் கேட்காமலே தண்ணீர் கொடுத்தாள். அம்மா ரசப்பொடி கொண்டுவந்திருக்கிறாள் என்று டப்பாவை உன்னிடம் கொடுக்கச் சொல்லப் போகிறேன். இந்தத் தாள்கள் அதன் மூடிக்குள் இருக்கும்.

நேற்றைய தாள்களை நீ இப்போது படிக்க வேண்டாம். மேலே வைத்திருக்கும் இந்த ஒன்றைப் படித்தால் போதும். போனில் நீ எங்கே இருக்கிறாய் என்று அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் போன் உன் மேஜையிலேயே கிடக்கட்டும். கைப்பையும் வேண்டாம், எல்லாவற்றையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். டீ குடிக்கப் போகிறவள் மாதிரி லிஃப்டில் ஏறி இறங்கி வா.

நீ எப்போது சொல்வாயோ, சொல்வாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். நான் உன்னிடம் எதற்கும் ஆதாரம் கேட்க மாட்டேன், சாதனா. ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன். இறங்கி மட்டும் வா, கண்ணம்மா.

அம்மா